அண்ணனிடம் இரவல் வாங்கிய குரல்

கூரியர் ஆபீசில் புகார் போன்களை எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு வலது கை மட்டும்தான் சொன்னபடி கேட்டது. அண்ணன் வீட்டுப் பின்னறையில் கட்டில். நான் பகல் நேரத் துணைக்குப் போனேன். குளிப்பாட்டி, முதுகில் புண் வருகிறதா என்று பார்த்து, சாய்த்து உட்கார வைத்து மடிமேல் பலகையைப் போட்டுவிட்டால் போதும். பட்டன்கள் நிறைந்த மவுஸைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் சண்டைக்குப் போய்விடுவாள்.

அந்த விளையாட்டில் ஆடுவதற்கு ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் வரிசையாக நின்ற பெண் உருவங்களுக்கு இடுப்பே இல்லை.

"இந்தப் பொண்ணுங்களுக்கு யாரும் சாப்பாடே போடறதில்லையா?" என்றேன்.

"அதை விடுங்கக்கா. கை விளங்காத வில்லன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவனைக் கொன்னாதான் அடுத்த கட்டம்."

முதலில் பெண் உருவத்தில், சொந்தக் குரலில்தான் ஆடினாள். கூட ஆடியவர்கள் "சமையல் முடிஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டே விரட்டினார்கள். பிறகு தாடிக்காரன் உருவம், புயல் என்று பெயர், மைக் கிடையாது. அதே ஆட்டம்தான். ஓர் அணியே அவளை அண்ணே என்று கொண்டாடியது. அந்த அறைக்கு வெளியே அவளைத் தேடும் ஆட்கள் அவர்கள் மட்டுமே.

இறுதிப் போட்டியில் எல்லோரும் பேசித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் இடமில்லை என்றான் அணியின் கேப்டன். அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நான் மெதுவா சொல்றதை நீ அப்படியே சொன்னா போதும்ணா."

அண்ணன் மைக்கைப் பிடித்தார். முதலில் தடுமாறினார். "சூப்பர்ணே!" என்று நாலு பேர் சொன்னதும் அவருக்கே குஷி வந்துவிட்டது. சொந்தச் சரக்கையும் சேர்க்க ஆரம்பித்தார்.

"அண்ணே, பின்னாடி ஏதோ பொம்பளைக் குரல் கேக்குதே, அண்ணியா?" என்றான் கேப்டன்.

"அட, இல்லப்பா. வீட்ல ஒண்ணு படுத்த படுக்கையா கெடக்கு. அது பாட்டுக்கு ஏதாவது உளறிட்டிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் தாடிக்காரன் அசையாமல் நின்றான். எதிரணி ஆட்கள் சுற்றி நின்று சுட்டார்கள்.

"ஓடுங்கண்ணே! என்னாச்சு?"

அண்ணன் திருதிருவென விழித்தார். "கையை வையேன்டி, மானம் போகுது!" என்று அவளிடம் சீறினார். மைக் திறந்தே இருந்தது.

"யாரைச் சொல்றீங்கண்ணே?"

"என்னைத்தான்," என்றாள் அவள். "இத்தனை நாளா ஆடினது நான்தான்."

"பொம்பளையா? அதான் மரம் மாதிரி நின்னுட்டா" என்றான் ஒருவன். அத்தோடு அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன், அதுக்குப் போய்..." என்று முனகியபடி அண்ணன் கூடத்துக்குப் போனார்.

நான் பலகையை எடுக்கப் போனேன். "இருக்கட்டும்கா" என்றாள். வேறு பெயரில் புதிதாகப் பதிந்தாள். எந்த உருவம் என்று திரை கேட்டது. தாடிக்காரனையே எடுத்தாள். பிறகு மைக்கை ஒயரோடு பிடுங்கி என்னிடம் நீட்டினாள்.

"இதை அண்ணன்கிட்டயே குடுத்துடுங்க. எனக்கு வேண்டாம்."