நொதியம் செத்த கிழமை

மாரி தொடங்கிய நாட்களில் அது நடந்தது. ஏறாவூரில் வாவிக்குப் போகும் ஒழுங்கையின் கடைசியில் எங்கள் கொட்டில் இருக்கிறது. அங்கே மரவள்ளிக் கிழங்கிலிருந்து இனிப்புப் பாணி எடுக்கிறோம். நானும் என் மூத்த சகோதரரும். அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வளைகுடாவில் பேரீச்சம்பழப் பாணி காய்ச்சும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, இங்கேயும் அப்படியொன்று செய்யலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர். நான் உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு டியூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கூழ் காய்ச்சுகிற தாங்கி, அடுப்பு, வாகனம் எல்லாம் அவர் பொறுப்பு. நொதியம், அதாவது என்சைம், என் பொறுப்பு.

கிழங்கைத் துருவிக் கூழாகக் காய்ச்சி, நொதியத்தைக் கலந்து சூடு குறையாமல் வைத்திருந்தால், கூழிலுள்ள மாப்பொருள் உடைந்து சீனியாகும். வடிகட்டி வற்றவைத்தால் பாணி. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கடைசியில் ஒன்றுதான் கேட்பார்கள். "அப்ப மருந்து போட்டுத்தான் இனிக்க வைக்கிறீங்க, என்ன?" விளக்கி விளக்கி அலுத்துப்போய், நானும் மருந்து என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

கிழங்கு தருகிற அக்கா மாங்கேணிக்கு அப்பால் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர். மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் அவருடைய அழைப்பு வந்தது.

"தங்கச்சி, சேனைக்குள்ள தண்ணி ஏறிட்டு. விட்டா கிழங்கெல்லாம் அழுகிப்போயிரும். கிண்டட்டா?"

"கிண்டுங்க அக்கா. நாங்க எடுக்கிறம்" என்றேன். யோசிக்கவேயில்லை. புதிதாக வந்த நொதியக் கேன் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அந்தத் தைரியம்.

கிழங்கு வந்தது, கொட்டில் நிறைய. முதல் தாங்கியைக் காய்ச்சி நொதியத்தை ஊற்றினோம். வழக்கமாகச் சிறிது நேரத்தில் கூழ் இளகிக் கஞ்சித் தண்ணீர்போல ஓடும். அன்று பசைபோல அப்படியே நின்றது. ஒரு கரண்டி எடுத்து அயடீன் விட்டேன். கரு நீலம். மாப்பொருள் துளியும் உடையவில்லை. இன்னும் நொதியம் சேர்த்தோம். பின்னேரமும் நீலம்தான். மறுநாள் இன்னொரு தாங்கி. அதுவும் நீலம்.

"நீ அளவு பிழையாப் போட்டியா?" என்று காக்கா கேட்டார்.

"இல்ல."

"அப்ப கிணத்துக்க வெள்ளம் கலந்திட்டோ?"

"தண்ணியும் பாத்திட்டன்."

"மறுகா என்னதான் பிழை?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு நாளாக ஆவிக்குள் நின்று கால் இரண்டும் வீங்கியிருந்தன. புளித்துப்போன கூழை நாங்கள் இருவருமாக வாளி வாளியாக அள்ளி, பின்வளவில் கிடங்கு வெட்டிக் கொட்டினோம்.

காய்ச்சத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், புதிதாகக் காய்ச்சிய கூழில் கொஞ்சத்தை ஒரு கிளாசில் எடுத்து, தண்ணீர் விட்டு இளக்கி ஆறவைத்தேன். வாயில் உமிழ்நீரைச் சேர்த்து அதற்குள் துப்பினேன். எங்கள் எச்சிலிலும் மாப்பொருளை உடைக்கும் நொதியம் இருக்கிறது. கிளாசைக் கைச்சூட்டில் பிடித்திருந்துவிட்டு அயடீன் விட்டேன். நீலம் வரவில்லை.

பார்த்துக்கொண்டு நின்ற காக்கா முகத்தைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, துப்பினியா?"

"ஓம். கூழ்ல பிழையில்ல காக்கா. தண்ணியிலயும் இல்ல. கேன்ல இருக்கிறது செத்துப்போச்சு."

எங்கேயோ வெயிலில் கிடந்துதான் அது வந்திருக்க வேண்டும். அனுப்பியவர்கள் வேறு கேன் தருவதாகச் சொன்னார்கள். எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கிழங்கு அதுவரை தாங்காது. அக்காவுக்கு உண்மையைச் சொன்னேன். "திருப்பி அனுப்பிராதீங்க தங்கச்சி. இங்க வைக்க இடமில்ல, வீட்டுக்குள்ளயும் தண்ணி" என்றார்.

அதன்பிறகு செய்தது என்னுடைய முடிவு. முளைக்கிற தானியத்திலும் அதே வகை நொதியம் உண்டு. படித்ததுதான், ஒருபோதும் செய்து பார்த்ததில்லை. கடையில் குரக்கன் வாங்கி ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரப்பினேன். அது முளைக்கும்வரை கிழங்கு பழுதாகாமலிருக்க, கொட்டிலின் ஒரு மூலையில் ஈர மணலைக் கொட்டி அதற்குள் புதைத்தோம். அரைவாசிக்கு மேல் தப்பியது. மிச்சம் உள்ளே கறுத்து, எறிய வேண்டியதாயிற்று.

முளைத்த குரக்கனைக் கிரைண்டரில் அரைத்துக் கூழில் கலந்தேன். சூடு ஏறினாலும் பிழை, இறங்கினாலும் பிழை. காக்கா விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார், நான் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானத்துக்குள் கூழ் இளகியது. அயடீன் முதலில் ஊதாவானது. பிறகு செம்மண் நிறம். அசர் தொழுகை நேரத்துக்குள் அயடீனின் மஞ்சளைத் தவிர வேறு நிறமே காட்டவில்லை. காக்கா வாய்க்குள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் கிழங்குச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் பாணி கண்ணாடிபோலத் தெளிவாக வரவில்லை. மண்ணிறம், வறுத்த தானிய வாசம், இனிப்பும் மட்டு. பாசிக்குடாவில் எங்கள் பாணியை வாங்குகிற விடுதிக்குக் கொண்டுபோனோம். சமையல் பொறுப்பாளர் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார். "ருசிதான். ஆனா வெள்ளைக்காரன் தேத்தண்ணிக்கு ஊத்த இது சரிவராது." ஊர்க் கடைகளில் வைத்தோம். ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிடச் சிலர் வாங்கினார்கள். மிச்சத்தைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோம்.

மழை விட்ட பிறகு நல்ல கேன் வந்தது. பழையபடி தெளிந்த பாணி காய்ச்சுகிறோம். காக்கா அந்தக் கிழமையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் சொல்கிறார், எச்சில் கதையை மட்டும் விட்டுவிட்டு.

அக்கா ஒரு நாள் வெறும் கையோடு வந்தார். தேநீர் குடித்துக்கொண்டே, "இந்த முறை சோளம்தான் கூட. மரவள்ளி கொஞ்சமாத்தான் நடுவன். கோவிக்காதீங்க" என்றார்.

"கோவம் என்னத்துக்கு அக்கா" என்றேன்.

மரவள்ளியைக் கூடுதலாக நடுங்கள், நாங்கள் எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு கேனும் செத்து வந்தால் என்ற நினைப்பில் வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. பஸ் வரும் நேரமாயிற்று என்று எழுந்து போனார். நான் தாங்கியைக் கழுவப் போனேன்.