காந்தத்தில் ஒட்டிய காசு

கோடை விடுமுறைக்கு நான் போவது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு. தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. முடியளவு பிசகு இருந்தாலும் உதிரிபாகத்தை ஒதுக்கிவிடுவார். வீட்டில் அவருக்கிருந்த ஒரே பைத்தியம், ஜெர்மனியைக் கைசர்கள் ஆண்ட காலத்து வெள்ளிக் காசுகள். ஆல்பத்தின் முதல் பையில் இருந்த ஐந்து மார்க் காசு மட்டும் அவர் தேடியதல்ல. தலைதீபாவளிக்கு மோதிரம் வேண்டாம் என்றவருக்காகச் சித்தி எங்கெங்கோ விசாரித்து வாங்கி வந்தது.

அந்த வருடம் காசுகள் ஒரு கண்காட்சிக்குப் போவதாக இருந்தன. போகுமுன் எல்லாவற்றையும் நானே சோதிப்பது என்று முடிவு செய்தேன். முதலில் எடை. பிறகு ஓரத்து எழுத்து, மன்னர் தலைக்குக் கீழே அச்சடித்த ஊரைச் சொல்லும் ஒற்றை எழுத்து. கடைசியாகக் காந்தம், வெள்ளி அதில் ஒட்டாது.

"மொதப் பை வேணாம் கண்ணு. அது பாஸ்," என்றார் சித்தப்பா.

சோதிக்காமல் எப்படிப் பாஸ்? அவர் போன் பேச எழுந்ததும் காந்தத்தை வைத்தேன். காசு டக்கென்று ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்தவர் பார்த்தார். அதற்குள் சித்தி கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். "இன்னா, அல்லாம் தேறிச்சா?"

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா அதில் ஒரு முறுக்கைத் திணித்தார். "உன் காசுதான் ஃபர்ஸ்ட் ரேங்க்."

"பின்ன? எங்கூட்லேந்து வந்ததாச்சே."

ஒருமுறை ஒட்டியதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. இன்னொரு முறை ஒட்டினால் சித்தியிடம் சொல்லிவிடலாம் என்று மறுநாள் உட்கார்ந்தேன். காந்தத்தைக் காணோம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கிளி பொம்மையை எடுக்கப் போனால், அதுவும் இல்லை.

"இங்க இருந்த கிளி எங்க?" என்றாள் சித்தி.

"பறந்திருக்கும்," என்றார் சித்தப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் விடவில்லை. பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரைக் கழற்றி அதன் காந்தத்தை எடுத்து வந்தேன். ஆல்பம் பீரோவுக்குள் போயிருந்தது. சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில்.

எல்லாக் காசுகளும் கண்காட்சிக்குக் கிளம்பின, முதல் பையில் இருந்ததைத் தவிர. "அது தொலைஞ்சா வேற கெடைக்காது," என்று அவர் சொன்னதும் சித்தி திரும்பி நின்று சிரித்துக்கொண்டாள். எனக்குத்தான் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முடியளவு பிசகைப் பிடிக்கிறவர், கண்ணெதிரே காந்தத்தில் தொங்கிய காசைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே.