ஆறு படுத்திருந்த இடம்

“...பாய் விரிக்க வேற இடமா இல்ல? ஆறு படுத்திரிக்கிற இடம் கா இது” என்றார் மட்டக்களப்பு அண்ணை, மணலில் கால் வைக்காமல் கரையிலேயே நின்றபடி. றைஸ் குக்கரின் உள்பானையை நான் அப்போதுதான் பாயின் நடுவில் இறக்கியிருந்தேன். காலையில் மோட்டல் அறையில் சமைத்த சோறு. மூடியைத் திறந்தால் இன்னும் ஆவி வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாங்கள் ஏழு பேர், கனடாக் கடவுச்சீட்டு கிடைத்த புளுகத்தில், தலைகால் தெரியாத சந்தோசத்தில், வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்று நாள் ஓடி, அமெரிக்கப் பாலைவனப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தோம். அண்ணையைத் தவிர எல்லோரும் யாழ்ப்பாணம். எங்களுக்குள் மூத்தவர், டோர்செட் பார்க் பக்கம் குடியிருந்ததால் நாங்கள் டோர்செட் பார்க் அன்ரி என்று கூப்பிடுகிறவர், முழங்கால் வாதக்காரி.

செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே வெள்ளை மணல் வளைந்து போனது. ஏணிக்கும் எட்டாத பாறை இடுக்குகளில், முன்பு அங்கே சோளம் விதைத்த மக்கள் கட்டிய தானிய அறைகள் இருந்தன. பிறகு வந்த மாட்டுக்காரர் ஒருவர் தாழ்வில் வீடு கட்டியிருக்கிறார். அதில் புகைபோக்கி மட்டும் மிச்சம்.

“கள்ளருக்குப் பயந்துதான் உவ்வளவு உயரத்திலை கட்டியிருக்கிறாங்கள்” என்றேன்.

“அந்தக் கள்ளன் வாற வழியிலதான் நீ சோறு வெச்சிரிக்காய்” என்றார் அண்ணை.

சிரித்தோம். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. கிணறு தெரியும், கடல் தெரியும். வெள்ளை மணலைக் கண்டால் அது எங்களுக்கு வீட்டுக்குப் போகிற ஒழுங்கை. அண்ணையோ வெள்ளத்தில் தாயைப் பறிகொடுத்தவர். அது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் தண்ணீர் ஏறிய அளவென்று ஒரு மரக்கவட்டைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே காய்ந்த புல்லும், ஒரு மரக்கட்டையும், முறுக்குண்ட வேலிக்கம்பியும் செருகிக் கிடந்தன. தலைக்கு நேரே வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மலைகளுக்கு அப்பால் மட்டும் ஒரு கறுப்பு. “துளி மழை இல்லை. உவருக்கு வெய்யில் மண்டையிலை ஏறிட்டுது” என்றார் அன்ரி. அந்த நேரம் எங்கிருந்தோ ஈரமண் வாசம் வந்தது. நாங்கள் ஆசையாக மூச்சை இழுத்தோம். அண்ணையின் முகம் வெளிறியது.

அரை மணித்தியாலத்துக்குள் சேற்றுத் தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. பாயும் செருப்புகளும் போயின. மேலே பாறையில், கையில் சோற்றுக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் மெல்லவில்லை.

அண்ணை இன்று இல்லை. நான் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வந்துவிட்டேன். கோடையில் ஸ்காபரோ ஓடைக்கரைகளில் எங்கள் சனம் பார்பிகியூ போடும்போது, நான் முதலில் பார்ப்பது மரக்கவட்டைத்தான். போன வருடம் என் தோளுயரத்தில் பிளாஸ்டிக் பையொன்று செருகியிருந்தது. சொன்னேன். “அங்கிள், ரிலாக்ஸ்” என்று சிரித்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்கு அண்ணை அத்தனை சொல்லியும் நாங்கள் எழும்பவில்லை. அன்ரி காலை நீட்டி, “எனக்கு முதல் போடு தம்பி, பசிக்குது” என்று கோப்பையை நீட்டினார். அப்போதுதான் அண்ணை முதன்முறையாக மணலில் இறங்கினார். நேரே வந்து சோற்றுப் பானையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஐயோ, சோத்தைக் கொண்டு போறார், பிடியுங்கோ!” என்று அன்ரி கத்தக் கத்த, திரும்பியே பார்க்காமல் பாறையில் ஏறினார்.