எட்டாம் நம்பர் நூல்

ஏற்காட்டில் பள்ளிச் சீருடை தைக்க வருகிறவர்கள் ஞானசுந்தரி அக்காவிடம் அளவு சொல்வதில்லை. சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். பிள்ளையை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார். "வெள்ளிக்கிழமை வா சாமி" என்று அனுப்பிவிடுவார். சட்டை பெரும்பாலும் கச்சிதமாக இருக்கும். இல்லாவிட்டால் அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் தையல் கடைக்கு அடுத்தது என்னுடைய ஜெராக்ஸ் கடை. அதனால்தான் இந்த விவகாரத்தில் நானும் மாட்டிக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம், செம்மநத்தம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எஸ்டேட் குளத்துக்குத் தூண்டில் போடப் போய்விடுவார். மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு டப்பா மண்புழு, அவ்வளவுதான். ஜிலேபி மீன் கிடைக்கும். ஆனால் அந்தக் குளத்தில் விரால் ஒன்று உண்டு. மாட்டும், தாமரைக் கொடிக்குள் புகும், நரம்பை அறுத்துக்கொண்டு போகும்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த அக்காவின் தம்பி கிங்ஸ்டன், மாமாவுக்கு என்று நல்ல தூண்டில் கம்பு ஒன்றையும் சுழல் ரீல் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். ரீலில் நூல் இல்லை. நைலான் வேண்டாம், இழை பின்னிய நூலாகப் பார்த்து வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

நூல் என்ற சொல் அக்காவின் காதில் விழுந்தது.

"நூலு எடுக்கறது என்ற வேலைங்க. நீங்க மீனப் பாத்துக்கோங்க" என்றார் கணவரிடம்.

மறுநாள் அவர் என் கடைக்கு வந்தபோது கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. குளத்துத் தண்ணீர். கணவரிடம் சொல்லிப் பிடித்துவரச் செய்திருக்கிறார். துணிக்கு மேட்சிங் நூல் எடுப்பதுபோல, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் போனில் ஆன்லைன் கடைக்காரன் காட்டிய ஒவ்வொரு நூல் நிறத்தோடும் ஒப்பிட்டார். மஞ்சள் தள்ளுபடி. சாம்பல் தள்ளுபடி. கடைசியில் பாசிப் பச்சை தேறியது. அதற்குள் மூன்று பேர் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்காமலே போய்விட்டார்கள்.

அடுத்து, நாலு இழையா எட்டு இழையா என்ற கேள்வி. எட்டு இழைதான் உருண்டு வழுவழுப்பாக இருக்கும், கம்பில் உள்ள வளையங்களில் உராயாமல் ஓடும் என்றார். அது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. சிக்கல் நம்பரில் வந்தது. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை போட்டிருந்தான். சின்ன ரீல் என்பதால் மெல்லிய நூல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தையல் நூலில் நாற்பதைவிட அறுபது மெல்லிசு. நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, ஏ3 தாளைவிட ஏ4 சின்னதுதானே? பக்கத்தில் ஏதோ பவுண்டு கணக்கும் எழுதியிருந்தது. பவுனாக இருந்தால் நின்று படித்திருப்போம்.

எட்டாம் நம்பரை ஆர்டர் போட்டோம்.

பார்சலைப் பிரித்தபோது செருப்புத் தைக்கிற நூல் மாதிரி ஒன்று வெளியே வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நூலைப் பார்த்தார். விரலில் ஓட்டினார், இழுத்தார், முடிச்சுப் போட்டார்.

"ஜீன்ஸ் துணிக்கு இப்படித்தான் இருக்கோணும்" என்றார்.

விரால் எப்போது ஜீன்ஸ் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ரீலில் சுற்றியபோது கால்வாசி நூல் ஏறுவதற்குள் அது நிரம்பிவிட்டது. சூசைமாணிக்கம் அண்ணன் மிச்சத்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று அவர்கள் இருவரோடு நானும் குளத்துக்குப் போனேன். அண்ணன் மண்புழுவுக்குப் பதில் ரப்பர் தவளையைக் கட்டி வீசினார். அந்தக் கனத்த நூலில் அது தூரம் போகுமா? கரையோரத் தாமரை இலைகளுக்கு நடுவிலேயே தொப்பென்று விழுந்தது. தூரமாக வீசுவதெல்லாம் வீம்பு என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே இலைகள் கிழிந்தன. தவளையைக் காணோம். கம்பு வளைந்தது.

அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். மீன் வரவில்லை. நூல் மொத்தமும் ரீலின் வழுக்கு உலோகத்தின்மேல் வளையல் மாதிரி நழுவிச் சுழன்றது. அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுச் சுற்றியிருக்க வேண்டுமாம். எங்களில் யாருக்கும் தெரியாது.

"நூலத் தொடாத புள்ள, கைய அறுத்துரும்" என்றார் அண்ணன் அக்காவிடம். அன்று அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அக்கா முந்தானையைக் கையில் நாலு சுற்றுச் சுற்றினார். நூலைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. கொடி, இலை, சேறு, எல்லாவற்றோடும் முழங்கை நீள விரால் ஒன்று பின்னாலேயே கரையேறியது. நைலானாக இருந்தால் பாதி வழியில் போயிருக்கும்.

சத்தம் கேட்டு, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கோவிந்தராஜ் வந்தார். மீன்பிடிப்பில் கொஞ்சம் பழகியவர். மீனைப் பாராட்டினார். அப்புறம் ரீலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இந்த நூலில் நம்பர் ஏற ஏறத் தடிமன் ஏறும், இந்தச் சின்ன ரீலுக்கு ஒன்றரை, இரண்டே போதும் என்று விளக்கினார்.

"ஏனுங்க, யாருங்க இதப் போயி எடுத்தது?"

அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் தாமரை இலைகளை எண்ணுவதுபோல நின்றேன்.

"நாந்தானுங்க" என்றார் சூசைமாணிக்கம் அண்ணன். குனிந்து தூண்டில் முள்ளைக் கழற்றத் தொடங்கினார்.

ரைட்டர் அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாடம் எடுத்தார். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீடு திரும்பும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை என்று அண்ணன் பிற்பாடு சொன்னார். இரவு குழம்பில் தலைத்துண்டு அவர் தட்டுக்குப் போனது. எப்போதும் அக்காவே எடுத்துக்கொள்வது அது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அக்கா வந்தார்.

"கண்ணு, ரெண்டாம் நம்பர் ஒண்ணு போடு. அவரு தெரியாம எட்ட வாங்கிப்புட்டாரு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பின் சாயல்கூட இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று எனக்கே ஒரு நொடி தோன்றிவிட்டது.

புது நூல் அழகாக ஓடியது. அக்கா காடாத் துணியில் மெல்லிய பட்டி வெட்டி ரீலின் அடியில் ஒட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் அண்ணன் குளத்தின் நடுவரை வீசி மகிழ்ந்தார். மூன்றாம் வாரம், நூல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று அக்கா கம்பை வாங்கினார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் பழைய மூங்கில் கழியோடு பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது அவருக்குச் சிக்கெடுத்துக் கொடுக்கிறார்.