ஆறு கஜம் கிணறு

துணிக்கடையில் நிற்பவன் முதலில் பார்க்கவேண்டியது வாடிக்கையாளரின் முகத்தை என்றாரோ, விரலை என்றாரோ, குமாசியில் எனக்கு வேலை போட்டுக்கொடுத்த சிந்தி முதலாளிப் பெரியவர் சொன்னது பாதிதான் ஞாபகமிருக்கிறது. கானா நாட்டின் அந்தச் சந்தை ஊரில் பன்னிரண்டு வருஷம், 2004இலிருந்து கடலூரில் சொந்தக் கடை என்று கவுண்டருக்குப் பின்னால் நின்றே காலம் போனது. மடித்ததைப் பிரித்து, பிரித்ததை மறுபடி மடிக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பூப்போட்ட நீலம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மீன் வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர் அச்சுத் துணி கேட்டார். ஆறு கஜத்தை விரித்துப்போட்டு, கெட்டிச் சாயம், சுத்தப் பருத்தி, வெயில் தாங்கும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். பேர் என்ன என்றார். பூப்போட்ட நீலம் என்றேன். அங்கே சந்தைப் பெண்கள் அச்சுக்கெல்லாம் பேர் வைத்திருப்பார்கள், வாயால் சொல்ல முடியாததைத் துணியைக் கட்டிக்கொண்டு சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவர் துணியை என் பக்கமே தள்ளினார்.

"பேரில்லாத துணியைக் கட்டிக்கிட்டு நான் யாருகிட்ட என்னத்தைச் சொல்றது?"

பக்கத்து வீட்டம்மா எடுத்தது

"உங்க பக்கத்து வீட்டம்மாகூட இதைத்தான் எடுத்தாங்க." நம்மூரில் எப்போதும் பலிக்கிற வசனம். பழக்க தோஷம், அங்கேயும் ஒருநாள் எடுத்துவிட்டேன். கேட்ட பெண்மணியின் முகம் மாறியது. நான் காட்டிய துணியின் பேர், தமிழில் சொன்னால், 'என் வீட்டு விஷயத்தில் உனக்கென்ன வேலை'. இரண்டு பேருக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லையாம். கல்லாவில் இருந்த பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணியோ நிதானமாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்படியா சேதி? சரி, இதுக்குப் பதில் சொல்ற துணி எது, அதை எடு."

அர்த்தம் கிடக்கட்டும்

ஊர் திரும்பும்போது அந்த அச்சுத் துணிகளில் இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் 'கிணறு' என்ற துணியை விரித்தேன். வெள்ளையில் கருநீல வளையம் வளையமாக, கல் போட்ட கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். யார் கட்டுவார்கள், எப்போது கட்டுவார்கள் என்று கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அர்த்தம் கிடக்கட்டும்ண்ணே, நைட்டிக்கு ஆவுமா, சாயம் போவுமா, அதைச் சொல்லுங்க."

கல்யாணச் சாவு

சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த கானா பையன் குவாமே, 2009இல் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். தொண்ணூறு தாண்டிய அவன் தாத்தா போய்விட்டார். பரீட்சை நேரம், ஊருக்குப் போக முடியாது. நிறைவாக வாழ்ந்தவரை அங்கே வெள்ளை கலந்த துணி உடுத்திக் கொண்டாடித்தான் அனுப்புவார்கள், நம்மூர்க் கல்யாணச் சாவு போல. குடும்பம் முழுக்க ஒரே துணி. அவர்கள் எடுத்திருந்தது கிணறு. சனிக்கிழமை அங்கே காரியம். அதே துணியில் இவனும் இங்கே ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால்தான் கூட நின்றதாக ஆகும்.

கடையில் கிணறு தீர்ந்துபோயிருந்தது. கடைசி ஆறு கஜம் என் மனைவிக்கு இரண்டு நைட்டியாகியிருந்தது. வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னேன். "அய்யய்யோ, சாவுத் துணியப் போட்டுக்கிட்டா நான் தெனமும் வாசல்ல கோலம் போட்டேன்?" என்று பதறியவள், முழுக்கக் கேட்டுவிட்டு, இன்னும் உடுத்தாத நைட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். எதிர்க்கடை டெய்லர் நசீர் லேஸைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "சட்டைய நைட்டியாக்கச் சொன்னாகூடத் தெச்சிடுவேன் மச்சான், நைட்டியிலேர்ந்து சட்டை இதான் ஃபர்ஸ்ட்டு."

வெள்ளிக்கிழமை குவாமே வந்து போட்டுப் பார்த்தான். அளவு கச்சிதம். கண்ணாடியில் பார்த்தும் முகம் தெளியவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்:

"பத்துப் பேர் சேர்ந்து போட்டாதான் அங்கிள் இது குடும்பம். நான் ஒருத்தன் மட்டும் நின்னா வெறும் சட்டை."

அன்று சாயங்காலமே இன்னொரு நைட்டியையும் பிரித்து எனக்கொரு சட்டை தைத்துக்கொண்டு, சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.