நர்ஸம்மா கொடுக்காத மாத்திரை

மீன்சுருட்டிப் பக்கம் காலரா ஊசி போடும் வேலையை முடித்துவிட்டு, பஸ் புழுதி படிந்த சட்டையோடு ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தேன். ஒரு கட்டிலைச் சுற்றி நான்கைந்து பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே எங்கள் நர்ஸம்மா, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், நோயாளியின் கால்களுக்கு அடியில் தலையணைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், அரியலூரை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனை அது. நான் டாக்டர் படிப்பு முடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நர்ஸம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஆண்டிமடம் பக்கம் பிறர் நிலத்தில் களை பறித்த குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எங்கள் ஊரில் டாக்டர்கள்தான் தொடுவோம். அவரோ எனக்கு முன்பிருந்த டாக்டரை விடாமல் கேட்டு அதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்தவர் விக்கிரமங்கலத்துப் பெரிய நிலக்காரர். மண்டையிடி தாங்காமல் வந்தபோது அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. இன்றைக்கு இருப்பதுபோல விதவிதமான மருந்துகள் அப்போது ஏது? உப்பைக் குறைத்து, படுக்கவைத்து, சர்ப்பகந்தி என்ற மூலிகையின் வேரில் செய்த மாத்திரையைக் கொடுப்போம். அது உடம்பில் வேலை செய்ய நாளாகும். எனக்குத்தான் பொறுமையில்லை. நான்காம் நாளும் அழுத்தம் இறங்கவில்லை என்றதும், அளவை இரண்டு மடங்காக்கிச் சீட்டில் எழுதிவிட்டு மீன்சுருட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நான் இல்லாத அந்த ஒரு வாரமும் நர்ஸம்மா ஒவ்வொரு வேளையும் மாத்திரைக்கு முன்னால் அழுத்தம் பார்த்திருக்கிறார். முதலில் நோயாளிக்கு மூக்கடைப்பு, ஓயாத தூக்கம். பிறகு எழுந்து நின்றால் கண் இருட்டியிருக்கிறது. அழுத்தம் நூறுக்கு வந்த அன்று மாலை மாத்திரையை நிறுத்திவிட்டார். அதற்குள் உடம்பில் சேர்ந்திருந்த மருந்து விடவில்லை. மறுநாள் காலை, நான் வந்து சேர்வதற்குச் சற்று முன், எழுந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

மாத்திரை கொடுக்காததால்தான் விழுந்தார் என்று குடும்பமே நினைத்தது. “டாக்டர் எழுதுன மாத்திரய நிறுத்த நீ யாரு? ஒன் வேலய இன்னியோட காலி பண்றேன் பாரு” என்று மகன் கத்திக்கொண்டிருந்தார்.

“அழுத்தம் ரொம்ப எறங்கிருச்சுங்க. இன்னும் குடுத்தா ஒடம்பு தாங்காது” என்றார் நர்ஸம்மா.

எனக்கும் கோபம்தான் வந்தது. “என்னக் கேக்காம ஏன் நிறுத்துனீங்க?” என்றேன். அவர் கருவியை என் முன்னால் நகர்த்தினார். “நீங்களே பாருங்க சார்.”

நோயாளியின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். தொண்ணூறுக்கும் கீழே. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுவதும் அந்த அம்மாள் மேல் விழுந்திருக்கும். ஒரு நிமிடம் அந்த எண்ணமும் எனக்கு வந்தது, மறைக்க விரும்பவில்லை.

“அம்மா செஞ்சதுதான் சரிங்க. நான் எழுதுன அளவுதான் தப்பு. அவங்க நிறுத்தலன்னா ஒங்கப்பாவக் காப்பாத்தியிருக்க முடியாது” என்றேன்.

நாலைந்து நாளில் நிலக்காரர் தேறினார். பிறகு சிறிய அளவில் மாத்திரையைத் தொடங்கினோம். தம் காலாலேயே நடந்து வண்டியேறினார். மகன் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வண்டி போனபின் நான் நன்றி சொல்லப் போனேன். அவர் முழுதாகச் சொல்லவிடவில்லை. “நான் இருந்தா நிறுத்திருவேன் சார். நான் லீவுல போனா எனக்குப் பதிலா வர்ற பொண்ணு பயந்துகிட்டுக் குடுத்துரும். அதனால எழுத்துல குடுங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: மாத்திரைக்கு முன் அழுத்தம் பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் நர்ஸ் தாமே நிறுத்தலாம், டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“நோயாளி எந்திரிக்கிறப்ப மெதுவா எந்திரிக்கச் சொல்லணும்னு ஒரு வரி சேத்துருங்க சார்” என்றார்.

சேர்த்தேன்.