மச்சானின் இடுப்புக் கயிறு

எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பது அவர் மனைவியின் கூடப்பிறந்தவன்தான். அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? அக்கா வீட்டுக்காரரான என் மச்சானின் கயிறு என் கையில் இருந்தது.

கொஞ்ச நாளாகவே காலையில் குவார்ட்டர் உள்ளே போனால்தான் என் கை நடுக்கம் நிற்கும். சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். அன்று மச்சான் வீட்டுக்கே வந்து அழைத்துப் போனதால் குடிக்க வழியில்லை.

படகிலிருந்து கயிற்றைச் சுண்டி இழுத்தால் ஆபத்து, உடனே மேலே வா என்று அர்த்தம். நான் இழுக்கவில்லை. கை உதறியது. பதறி மேலே வந்த மச்சானின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஏலே, எதுக்குக் கயித்த இழுத்த? சுறாவா?"

அவர் என் கைகளையே பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கயிற்றை வாங்கி இன்ஜின்காரரிடம் கொடுத்தார். "அண்ணாச்சி, இனிமே நீங்க புடிங்க."

மறுநாள் குடிக்காமலே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கையை நீட்டச் சொன்னார். மறைக்காமல் இரண்டையும் நீட்டினேன்.

சில மாதங்களில் குடியும் நடுக்கமும் நின்றுவிட்டன. மச்சானுக்கு அந்தக் காது மறுபடி கேட்கவேயில்லை. அக்கா இப்போது அவருடைய மறுபக்கம் போய் உட்கார்ந்துதான் பேசுகிறாள். கடலின் அழுத்தம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.